விக்கினம் எதுவும் வரவில்லை

1

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று 2015 மே மாதம் அயர்லாந்தில் ஓட்டுப் போட்டு, 'ஆம்' என்று முடிவு செய்தார்கள். அந்த வாரம் திண்டிவனத்திலிருந்து எனக்கு வந்த போன்களைப் பார்த்தால், அந்தச் சட்டத்தை நானே உட்கார்ந்து எழுதினது போல இருந்தது. "இன்னா ஜெசிந்தா, உங்க ஊர்ல இப்படிக் கெட்டுப் போய்ட்டாங்களாமே" என்று சித்தப்பா கேட்டார். நான் இங்கே டப்ளினுக்கு நர்ஸாக வந்து பதின்மூன்று வருஷமாகிறது. இதுவரை இந்த ஊர் எனக்கு 'உங்க ஊர்' ஆனதில்லை. கெட்டுப் போனவுடன்தான் என் பேருக்கு எழுதி வைத்தார்கள்.

இங்கே எங்களுக்கு ஒரு ஜெபக்குழு உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் ஜெபமாலை, பிறகு பிரியாணி. பிரியாணி நன்றாக இருக்கும் வீட்டில் பக்தியும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். குழுவின் தலைவர் திருச்சிக்காரர் பெனடிக்ட் அண்ணன். அந்த மாதம் அவர் 'திருமணத்தைக் காப்பாற்ற' என்று வேண்டுதல் வைத்து, ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடியும்வரை எங்களை முழங்காலில் நிற்க வைத்தார். அவருக்கு ஓட்டு கிடையாது, குடியுரிமை விண்ணப்பம் இன்னும் ஏதோ ஆபீஸில் தூங்குகிறது. ஆனாலும் யார் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று எல்லோருக்கும் தினமும் வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் பங்குக் கோயிலில் ஐரிஷ்காரர்கள் இருபது பேர் வந்தால் திருவிழா. முன்வரிசை முழுக்க நாங்கள்தான், பட்டுப்புடவையும் ஸ்வெட்டருமாக. ஒரு காலத்தில் வெள்ளைக்காரச் சாமியார்கள் கப்பலேறி வந்து நமக்கு வேதம் சொன்னார்கள். இப்போது அதை நாங்கள் திருப்பிக் கொண்டுவந்து தந்தால், "இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், பிறகு பார்க்கிறோம்" என்கிறார்கள்.

நான் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். பிரிட்ஜெட் என்று ஒரு கிழவி, கல்யாணமே செய்துகொள்ளாதவள், தினமும் டிவியில் பூசை காண்கிறவள். ஓட்டுப் போட வண்டி ஏற்பாடு செய்யச் சொன்னாள். 'வேண்டாம்' என்று போடத்தான் போகிறாள் என்று நினைத்தேன். "என் தம்பி பாஸ்டனுக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. நாங்கள் முப்பது வருஷம் அவனுக்காக ஜெபித்தோம். 'நீ எப்படி இருந்தாலும் வா' என்று ஒருத்தரும் ஒரு போன் பண்ணவில்லை" என்றாள். போய் 'ஆம்' என்று போட்டுவிட்டு வந்து, மத்தியானப் பூசைக்கு டிவியைப் போடச் சொன்னாள்.

என் மகள் அனிஷா பள்ளிக்கூடத்துக்கு 'ஆம்' பக்கத்தாரின் வானவில் வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு போனாள். பெனடிக்ட் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைய கவனிம்மா" என்றார். அனிஷா என்னைக் கேட்டாள்: "அம்மா, அங்கிள் காப்பாத்துற marriage யாரோடது?"

எனக்கு அப்போது ஒரே ஒரு கல்யாணம்தான் நினைவுக்கு வந்தது. திண்டிவனத்தில் திருச்சபை கட்டிவைத்து, இருபத்திரண்டு வருஷம் காப்பாற்றிய கல்யாணம். என் அக்கா ரோஸியுடையது. அவள் போன் செய்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"சாட்சி வேணும்டீ. ஊர்ல ஒருத்தரும் வர மாட்டேன்றாங்க. நீ லீவு போட்டுக்கினு வர்றியா?"

2

நம்மில் கத்தோலிக்கரல்லாதவர்களுக்காக ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இதற்கு விக்கினம் ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று உபதேசியார் படிப்பார். மாப்பிள்ளை ஊரிலும் படிப்பார்கள், பெண் ஊரிலும் படிப்பார்கள். ஆக ஒரு கல்யாணத்தை ஆறு முறை ஊரைக் கேட்டுவிட்டுத்தான் செய்கிறோம். உலகத்திலேயே இவ்வளவு கவனமான ஏற்பாடு கிடையாது.

1993-இல் அக்காவுக்கு இருபத்திரண்டு வயது, ஆசிரியைப் பயிற்சி முடித்திருந்தாள். மாப்பிள்ளை ஆரோக்கியராஜ் விழுப்புரத்தில் ரயில்வே வேலை. ரயில்வே மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கம் அதற்குமேல் கேள்வி கேட்பது அபசகுனம். குவார்ட்டர்ஸ் உண்டு, பாஸ் உண்டு, குடி கிடையாது, சிகரெட் கிடையாது, எந்தப் பெண்ணையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை என்று தரகர் பெருமையாகச் சொன்னார். அந்தக் கடைசித் தகுதியை எங்கள் வீட்டில் யாரும் கொஞ்சம் நின்று யோசிக்கவில்லை.

ரயில்வே கேட் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் பாஸ்கர். அவரும் ஆரோக்கியராஜ் மாமாவும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு நாலு வருஷமாக இருந்தார்கள். ரயில்வே காலனிக்கு அது தெரியும். டீக்கடையில் அவர்களைப் 'புருஷன் பொண்டாட்டி' என்று சொல்லிச் சிரிப்பார்கள். மாமாவின் அம்மாவுக்குத் தெரியும். பங்குக் கோயிலுக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். விழுப்புரத்தில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். விக்கினம் எதுவும் வரவில்லை.

ஊர் ஊமை என்று நினைத்துவிட வேண்டாம். அதே மாதம் இன்னொரு ஜோடிக்கு எங்கள் கோயிலில் ஓலை வாசித்தார்கள். பையன் எந்தத் தெரு என்று கண்டுபிடித்து, பூசை முடிந்து வியர்வை காய்வதற்குள் பன்னிரண்டு பேர் சாமியார் வீட்டு வாசலில் நின்றார்கள். கல்யாணம் நின்றுபோனது. வேறு தெருவில் கட்டுவது பாவம் என்று எந்த வேத புத்தகத்திலும் கிடையாது, ஆனால் அதற்கு வாய் திறந்தது.

3

மாமா கெட்டவர் இல்லை. அதுதான் அக்காவின் பேஜாரு. அடித்தால் ஓடி வந்திருக்கலாம், குடித்தால் ஊரைக் கூட்டியிருக்கலாம். அவர் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பார், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பார், பிறகு மரியாதையாக வேறு அறையில் போய்ப் படுத்துக்கொள்வார். கல்யாணமான இரண்டாவது மாதமே அவளிடம் உள்ளதைச் சொல்லி அழுதிருக்கிறார். இருபத்திரண்டு வயதுப் பெண் அதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

சாமியாரிடம்தான் சொன்னாள். தினம் ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். அடுத்து வந்த சாமியார் வேளாங்கண்ணிக்கு நடந்து போகச் சொன்னார். அதற்கடுத்தவர் மூன்று நாள் தியானத்துக்கு இருவரையும் அனுப்பினார். அங்கே மாமாவின் தலையில் கைவைத்துப் பேய் ஓட்டினார்கள். பேய் இல்லாத ஆளிடமிருந்து எது ஓடும்? அம்மாவோ சாகும்வரை, "ஒரு புள்ள பொறந்துட்டா எல்லாம் சரியாப் போய்டும்டி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை ஆவியானவரால்தான் பிறக்க வேண்டும் என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை.

ஊர் அக்காவுக்கு மலடி என்று பேர் வைத்தது. அதையும் வாங்கிக்கொண்டு, தினமும் பஸ் ஏறிக் கண்டமங்கலம் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஊரான் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாள். அங்கேதான் இம்மானுவேல் வாத்தியார் அவளுடன் வேலை பார்த்தார். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். நாற்பத்து மூன்றாவது வயதில் என் அக்காவைப் பார்த்து ஒரு மனுஷன், "டீச்சர், உங்களுக்குச் சம்மதம்னா நாம கட்டிக்கலாமா?" என்று கேட்டார். அன்று ராத்திரி எனக்குப் போன் செய்து அவள் அழுத அழுகை சந்தோஷமா துக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அரசாங்கக் கோர்ட்டில் இருவர் சம்மதத்தோடு விவாகரத்து வாங்கிவிட்டார்கள். ஆனால் திருச்சபைக்கு அது செல்லாது. திருச்சபையின் நீதிமன்றம் 'இந்தக் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது' என்று சொன்னால்தான் கோயிலில் இன்னொரு கல்யாணம். அப்படிச் சொல்வதற்கு முன் கட்டிக்கொண்டால் நன்மை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்க முடியாது, செத்தால் கோயிலுக்குள் கொண்டுபோவதும் சந்தேகம். "விட்டுத் தள்ளுக்கா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிக்க" என்று நான் டப்ளினிலிருந்து சுலபமாகச் சொன்னேன். "எனக்கு நன்மை வேணும்டீ. அதுவும் இல்லன்னா நான் இத்தினி வருஷம் எத்தப் புடிச்சிக்கினு இருந்தேன்?" என்றாள்.

4

கல்யாணத்துக்கு முன்பே மாமா அப்படித்தான் என்று அறிந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். ஜூன் மாத வெயிலில் நானும் அக்காவும் விழுப்புரத்தில் வீடு வீடாகப் போனோம். அத்தனை வீட்டிலும் காபி கிடைத்தது. ஒரு வீட்டில் வறுத்த மல்லாட்டைக் கடலைகூடக் கிடைத்தது. சாட்சி மட்டும் கிடைக்கவில்லை.

"எங்களுக்கு இன்னாம்மா தெரியும், அவரு நல்ல மனுஷனாச்சே" என்றார்கள். டீக்கடையில் சிரித்தவர் பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, "அந்த மாதிரில்லாம் நம்ம சனங்கள்ல ஏதும்மா?" என்று என்னையே கேட்டார்.

மாமாவின் பங்குக் கோயிலில் ஓலை வாசித்த உபதேசியார் இன்னும் இருந்தார். அவர் ஒருவர்தான் பொய் சொல்லவில்லை.

"தெரியும்மா. தெரிஞ்சிதான் வாசிச்சேன்."

"அப்புறம் ஏங்க விக்கினம்னு சொல்லல?"

"விக்கினம்னா சாதி, சொந்தம், முன்னாடியே தாலி கட்டுனது. இந்த மூணுதாம்மா நம்ம வழக்கம். இதப் போயி யாரு விக்கினம்னு நெனச்சா? கட்டிக்கினா சரியாப் போய்டும்னு இருந்தோம்."

"இத வந்து அங்க சொல்வீங்களா?"

"ஓலை வாசிச்சவனே தெரியும்னு சொன்னா, நான் வாசிச்ச எல்லாக் கல்யாணத்துக்கும் ஆபத்தாப் போயிடும்மா" என்று கைகூப்பினார். எத்தனை கல்யாணத்தை மனதில் வைத்து அப்படிச் சொன்னாரோ.

விசாரணைக்கு முந்தின ஞாயிறு திண்டிவனத்தில் பூசைக்குப் போனோம். பங்குச் சாமியார் இளைஞர், நல்ல குரல். பிரசங்கத்தில் அயர்லாந்தைப் பிடித்துக்கொண்டார். இது வெளிநாட்டு வியாதி, நம் மண்ணில் இல்லாதது, நம் குடும்பங்களை மாதா காத்துவருகிறாள் என்று முழங்கினார். எனக்கு நேர் முன்னால், திண்டிவனத்திலேயே இருக்கும் மாமாவின் சொந்தக்காரர்கள் இரண்டு வரிசை உட்கார்ந்து தலையாட்டினார்கள். அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு விட்டிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். "அந்த நாட்டிலேர்ந்தே ஒரு சகோதரி வந்திருக்காங்க. அங்க விசுவாசம் எப்படி அழிஞ்சிக்கினு இருக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்வாங்க" என்று சாமியார் என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பேசக் கூப்பிடுவது எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். கடைசியில் கோயில் கட்டட நிதிக்கு ஏதாவது சொல்லிவிட்டு இறங்குவார்கள் என்ற நம்பிக்கை.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய் மைக்கைப் பிடித்தேன். "சேசுவுக்கு ஸ்தோத்திரம். ஃபாதர் சொன்ன மாதிரி அங்க கோயிலுக்கு வர்றவங்க கம்மிதான். ஆனா தெரிஞ்சதத் தெரியும்னு சொல்றாங்க. இங்க நம்ம மண்ணுல அது இல்லன்னு ஃபாதர் சொல்றாரு. அப்படின்னா எங்க அக்கா இருபத்திரெண்டு வருஷம் யாரோட குடும்பம் நடத்துனாங்க? உங்க எல்லாருக்கும் தெரியும். செவ்வாக்கிழமை விசாரணை. தெரிஞ்சவங்க ஒரு ரெண்டு பேரு..."

மைக் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது என்றார்கள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

5

செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை.

ஆயர் (பிஷப்) இருக்கும் மறைமாவட்ட அலுவலகத்தின் வராந்தாவில் நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். இந்த நீதிமன்றத்தில் 'திருமண பந்தத்தைக் காப்பவர்' என்று ஒரு சாமியார் இருப்பார். கல்யாணம் செல்லும் என்று வாதாடுவது அவர் வேலை. அக்காவின் கல்யாணத்தைக் காக்க இருபத்திரண்டு வருஷத்தில் திருச்சபை அனுப்பிய முதல் ஆள் அவர்தான், அதுவும் அது செத்த பிறகு.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். கல்யாணத்தின்போது நான் பதினேழு வயதுப் பெண், எனக்கு முன்பே எதுவும் தெரியாது என்பதால் ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். ஆறாயிரம் மைல் பறந்து வந்தவளுக்கு அவ்வளவுதான் வேலை. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. கேஸ் போயிற்று, இனி இம்மானுவேல் வாத்தியாரிடம் என்ன சொல்வது என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அப்போது கேட்டுக்குள் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்தது. பாஸ்கர் ஓட்டிக்கொண்டு வந்தார், பின்னால் மாமா. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எழுத்தில் ஏதோ பதில் அனுப்பிவிட்டார், நேரில் வர மாட்டார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அந்த வருஷங்களில் சட்டமும் அவரை மாதிரி ஆட்களுக்கு எதிராகத்தான் இருந்தது. வெளியே தெரிந்தால் வேலைக்கு ஆபத்து, தெருவில் தலைகாட்ட முடியாது. அவர் அக்காவிடம், "டிபன் சாப்ட்டியா ரோஸி?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அக்காவையும் கூப்பிட்டார்கள்.

நானும் பாஸ்கரும் வேப்பமர நிழலில் நின்றோம். அவரை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. முடி நரைத்து, கையில் ஈயம் பற்றவைத்த தழும்புகளோடு இருந்தார்.

"உங்க அக்கா ஒரு தபா என்னைத் திட்டியிருக்கலாம்ங்க. பொங்கலுக்குப் பொங்கல், கிறிஸ்துமஸுக்குப் பலகாரம்னு குடுத்தனுப்புவாங்க. அதத் தின்னுட்டுத் தூக்கமே வராதுங்க" என்றார். அந்த ஆளை வெறுக்க வேண்டும் என்று இருபது வருஷம் நினைத்திருந்தேன், அன்று முடியவில்லை.

உள்ளே நடந்ததை அக்கா திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள். மாமா சுற்றி வளைக்கவில்லையாம். "கல்யாணத்துக்கு முன்னாடியே நானும் பாஸ்கரும் ஒண்ணாத்தான் இருந்தோம் சாமி. அம்மா கிட்ட சொன்னேன், விஷம் குடிப்பேன்னாங்க. இந்தப் பொண்ணுக்குத் துரோகம் பண்ணிட்டேன், அவள விட்டுருங்க" என்றிருக்கிறார். பந்தத்தைக் காப்பவர் விடவில்லை. இதற்கு வேறு சாட்சி உண்டா என்று கேட்டிருக்கிறார்.

"பாஸ்கர் வெளிய ஸ்கூட்டர் கிட்ட நிக்கிறான் சாமி. கூப்புடட்டுமா?"

நீதிபதி, பந்தத்தைக் காப்பவர், எழுதுகிறவர் என்று உள்ளே இருந்த மூன்று சாமியார்களும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்களாம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவருமான தமத்திரித்துவம்கூட அவ்வளவு ஒற்றுமையாகப் பேசி அக்கா கேட்டதேயில்லை.

கடைசியாக அவளைப் பார்த்து, நீ ஏதாவது சொல்ல வேண்டுமா அம்மா என்று நீதிபதி கேட்டிருக்கிறார்.

"நீ இன்னாக்கா சொன்ன?"

பஸ் ஜன்னல் வழியாகக் காற்று அடித்தது. அக்கா முந்தானையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு முடியைக் கட்டினாள். பிறகு சொன்னாள்.

"இவங்க ரெண்டு பேருக்கும் அன்னிக்கே கட்டி வச்சிருந்தீங்கன்னா, நான் தப்பிச்சிருப்பேன் சாமின்னு சொன்னேன். எழுதிக்கினு இருந்த சாமியாரு பேனாவ மூடிட்டாரு."

பெனடிக்ட் அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அத்தனை தத்துவத்துக்கும் என் அக்கா கொடுத்த பதில் இதுதான். அவள் அந்த ஓட்டைப் பற்றி எதுவும் படித்தவள் இல்லை, வானவில் வில்லையைப் பார்த்திருக்கவும் மாட்டாள்.

6

தீர்ப்பு வர ஒன்றரை வருஷமானது. செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அக்கா போன் செய்தபோது நான் இரவுப் பணி முடித்து வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வந்துடுச்சிடீ" என்றாள். ஈஸ்டர் கழித்து இம்மானுவேல் வாத்தியாருடன் கல்யாணம், சின்னதாக, காலைப் பூசையில் என்றாள்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கும் ஒரு காப்பி போயிருக்கு. அதுல அவருக்குன்னு தனியா ஒரு வரி கீது. ஆயரோட அனுமதி இல்லாம இனிமே அவரு கோயில்ல கல்யாணம் பண்ணிக்கக் கூடாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தக் காலத்திலும் அவருக்கு வேண்டிய கல்யாணத்தைச் செய்துவைக்காதவர்கள், மறந்துபோய் அவர் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டுவிடப் போகிறாரே என்று பயந்து முத்திரை குத்தித் தடை போட்டிருக்கிறார்கள்.

"அவரு இன்னா சொன்னாரு?"

"'பாஸ்கர் எப்பவோ சரின்னுட்டான் ரோஸி, இனிமே ஆயரத்தான் கேக்கணும்'னு சிரிக்கிறாரு." அக்காவும் சிரித்தாள். சிரிப்பு போனில் சட்டென்று நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அந்த மனுஷனுக்கு எதுக்குடி தடை? கட்டி வச்சவங்களுக்குப் போடச் சொல்லு."